நாடகமே மூச்சாக இருந்த பெரியப்பாவின் நினைவுக்கு என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் பெரியப்பா போன மாதம் 87 வயதில் காலமானார். 1959-ல் பி.ஏ. முடித்தவர், அரசு உத்தியோகம் பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆபீஸ் விட்டால் ஒத்திகை, ஒத்திகை இல்லாத நாளில் யாராவது போடும் நாடகம். சொந்தத்தில், தெருவில், நாடகக் குழுவில் எந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியவில்லை என்றாலும் அது எப்படியோ அவர் காதுக்கு வந்துவிடும், கட்டியும் விடுவார். இப்போது அவருடைய நாடகக் காகிதங்களும் சாமான்களும் கிடக்கும் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஐந்து லட்சம் ரூபாயும் இருக்கின்றன. பணத்தில் அவர் படித்த கல்லூரியில் ஒரு பரிசு ஏற்படுத்தலாமா, பெட்டியில் இருப்பதை என்ன செய்வது, வருஷாப்தீகத்துக்குள் ஒரு சின்ன நினைவு மலர் போட நினைக்கிறோம், அதில் என்ன எழுதுவது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் படுகிறது. அவர் நடித்தது இரண்டோ மூன்றோ நாடகம்தான், மற்றபடி ஆயுள் முழுக்க சைடு விங்கில் (மேடையின் ஓர மறைவில்) நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர், அதாவது பிராம்ப்டர், என்று எழுதியிருக்கிறீர்கள். மேடை வெளிச்சத்துக்கு வராத ஒருவர் இருந்தார் என்பதை, அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் போன பிறகு எதைக் காட்டிச் சொல்வது? நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒரு நூலகத்தில் 24 வருடம் பழைய துண்டுத் தாள்களுக்குப் பட்டியல் போட்டேன். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், டிக்கெட் அடிக்கட்டை இந்த மாதிரி. சாயங்காலங்களில் ஒரு அமெச்சூர் குழுவில் திரை இழுத்தேன், பிராம்ப்ட் செய்தேன். காகிதத்தைப் பற்றியும் ஒத்திகையைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். பணம், சட்டம் பற்றிச் சொல்வதை ஓர் ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பட்டம் வாங்கிய ஒருவர் நாடகத்தோடு ஒட்டிக்கொண்டார் என்பது இன்றைக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு காலத்தில் தெரிந்தது. 1891 ஜூலை 1-ம் தேதி சென்னையில் சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் நாடக சபை தொடங்கியபோது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியாருக்கு 18 வயது. தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்தவர், பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்துவிட்டு மனம் மாறினார். பிறகு வக்கீலானார், சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். அதற்கிடையில் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதி, அவற்றில் தானே நடிக்கவும் செய்தார். சர் சி.பி. ராமசாமி ஐயரும் தீரர் சத்தியமூர்த்தியும் அந்தச் சபையோடு சேர்ந்திருந்தவர்கள். பம்மலின் புத்தக அட்டையில் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று இருக்கும். அது தற்பெருமைக்காகப் போட்டது என்று நான் நினைக்கவில்லை. ‘கூத்தாடி’ என்று சொல்லி வீடு வாடகைக்குக் கொடுக்காத ஊரில், படித்தவனும் இதைச் செய்வான் என்று சொல்லும் வழி அது. உங்கள் பெட்டியில் உள்ள நோட்டீஸ்களிலும் பெயருக்குப் பின்னால் பட்டம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அறுபதுகள் வரை அந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெரியப்பா தலைமுறை அதற்கு அடுத்த கட்டம். ஒய்.ஜி. பார்த்தசாரதி முதலானோர் 1952-ல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ், ஏ.ஜி. ஆபீஸ் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடகம் எழுதிப் போட்ட கே. பாலசந்தர் (அவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரிதான்) என்று, பகலில் கோப்பு, இரவில் ஒத்திகை என்று நடந்த காலம். இந்தப் பெயர்களெல்லாம் சரித்திரத்தில் இருக்கின்றன. நோட்டீசில் எழுதியவர் பெயர், இயக்கியவர் பெயர், நடிகர்கள் பெயர், ஒளி, ஒப்பனை, சில சமயம் சைக்கிள் கடைக்காரர் விளம்பரம் வரைக்கும் இருக்கும். எடுத்துக்கொடுத்தவர் பெயர் இருக்காது. நான் பார்த்த பல நூறு நோட்டீஸ்களில் அந்தப் பெயர் அச்சானது ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஆகையால் உங்களுக்கு ஆதாரம் வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும். அது பெட்டிக்குள் இருக்கிறது.

முதல் வேலை, பெட்டியைக் கலைக்காமல் இருப்பது. திறந்தவுடன் மேலிருந்து ஒரு படம், ஒவ்வோர் அடுக்கை எடுத்ததும் ஒரு படம், போனில் எடுத்தாலே போதும். ‘நோட்டீஸ் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம்’ என்று பிரிக்கக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நாடகக்காரர் வீட்டிலிருந்து வந்த பெட்டியை அளவுவாரியாக அடுக்கினேன், பார்க்க அழகாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் ஒவ்வொரு நாடகத்துக்கும் பிரதி (வசனம் எழுதிய தாள்கள்), நோட்டீஸ், செலவுச் சீட்டு மூன்றையும் ஒரே நூலில் கட்டி வைத்திருந்திருக்கிறார். நூலை நான்தான் அவிழ்த்தேன். தேதி போடாத செலவுச் சீட்டு எந்த நாடகத்துக்கு உரியது என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து கிடக்கிறது என்பதே ஒரு தகவல். அதை ஒருமுறை அழித்தால் அழித்ததுதான்.

அடுத்தது நோட்டுப் புத்தகங்கள். ‘வசனம் எழுதிய பழைய நோட்டு பதினைந்து இருக்கிறது, ஓரத்தில் பென்சிலில் ஏதேதோ கிறுக்கல், இதைக் கொடுக்க வேண்டுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியிலேயே விலை மதிப்புள்ளது அதுதான், போட்டோவைவிட. அச்சான நாடகப் புத்தகம் எழுத்தாளர் எழுதியதைத்தான் சொல்லும். அன்றைக்கு மேடையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் பிராம்ப்ட் நோட்டுக்குத்தான் வர வேண்டும். எந்த வசனத்தை அடித்தார்கள், எங்கே கைதட்டலுக்காக நிறுத்தினார்கள், யார் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தார், எந்த நடிகர் எந்த வரியில் எப்போதும் தடுமாறுவார் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் குழுவில் தடுமாறும் வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவோம். வட்டத்துக்குள் நடிகரின் முதலெழுத்து. ஒரு காட்சியில் ஒரே எழுத்து ஏழு வட்டத்தில் இருந்தால் அவர் அன்றைக்கு பாடம் பண்ணாமல் வந்திருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் படம் எடுத்துப் போட்டிருக்கும் பக்கத்தில் ‘சி.வெ.’ என்று இருப்பது சிவப்பு வெளிச்சமாக இருக்கலாம், கீழே ‘சுடுகிறான்’ என்ற குறிப்பு வருவதால் சொல்கிறேன். ஆனால் இது ஊகம். ஒவ்வொரு பிராம்ப்டருக்கும் சொந்தச் சுருக்கெழுத்து உண்டு. இன்னும் நாலைந்து பக்கத்தில் அதே குறி எங்கே வருகிறது என்று ஒப்பிட்டால்தான் உறுதியாகும். ‘ம-2’ மட்டும் அநேகமாக இரண்டாம் முறை அடிக்கும் மேடை மணி.

பிரதியின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நன்றாகப் பாருங்கள். 1954-ம் வருடத்து நாடகச் சட்டப்படி பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் இங்கே ரொம்ப நாள் இருந்தது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி போட்ட வழக்கில் 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. அனுமதி முத்திரையோ கடிதமோ ஒட்டியிருந்தால் உங்களுக்கு ஒரு தேதி கிடைக்கும், சில சமயம் அடிக்கச் சொன்ன வசனமும் கிடைக்கும்.

நோட்டீஸ்களில் வருடமே இல்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம், அது எல்லார் பெட்டியிலும் உள்ள வியாதிதான். நாளைக்கழித்து நடக்கப்போகும் நாடகத்துக்கு யார் வருடம் போடுவார்கள்? ஆனால் கிழமையும் தேதியும் சேர்ந்து இருக்கும், அது போதும். நீங்கள் காட்டிய நோட்டீசில் ‘மே 14 ஞாயிறு மாலை 6-30’ என்று இருக்கிறது. 1950-லிருந்து 1980 வரை மே 14 ஞாயிற்றுக்கிழமையாக வந்த வருடங்கள் 1950, 1961, 1967, 1972, 1978. அதே நோட்டீசின் அடியில் டிக்கெட் விலை ‘ரூ. 2, ரூ. 1, 50 ந.பை.’ (நயா பைசா) என்று அச்சாகியிருக்கிறது. புதுக்காசு வந்தது 1957 ஏப்ரல் 1, ‘நயா’ என்ற சொல்லை அரசு விட்டது 1964 ஜூன் 1. இந்த இடைவெளிக்குள் விழுவது 1961 மட்டும். மற்றவற்றுக்கும் இப்படியே ஏதாவது சிக்கும். அணாவில் விலை இருந்தால் அநேகமாக 1957-க்கு முன்னால். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. ‘தமிழ்நாடு’ என்று அரசுப் பெயர் இருந்தால் 1969-க்குப் பிறகு என்று சொல்லத் தோன்றும், அதை மட்டும் நம்பாதீர்கள், கட்சிக்காரர்களும் தமிழ் ஆர்வலர்களும் அதற்கு முன்பே அப்படித்தான் அச்சடித்தார்கள். தமிழ் வருடப் பெயர் இருந்தால் இன்னும் சுலபம். பிலவ என்றால் 1961-62, அறுபது வருடம் தள்ளி அடுத்த பிலவ 2021-ல்தான் வந்தது, குழப்பமே இல்லை. ஒரு எச்சரிக்கை: அச்சகத்தில் பழைய பிளாக்கை அப்படியே வைத்துத் தேதியை மட்டும் மாற்றி அடிப்பார்கள். விலை பழையதாகவே நின்றுவிடும். ஆகவே ஒரே ஒரு தடயத்தை வைத்து வருடம் எழுத வேண்டாம், இரண்டாவது இருந்தால் மையில் எழுதலாம், இல்லாவிட்டால் பென்சிலில் ஒரு கேள்விக்குறியோடு.

காகிதப் பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் பின்களை மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே கூடாது, பத்து வருடத்தில் அது பழுப்பாகி எழுத்தையும் தின்றுவிடும். லாமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்க வழியில்லை. ஈரமாக இருந்தால் நிழலில், காற்றாட. வெயிலில் காயப்போட வேண்டாம். பாச்சை உருண்டை போடுவார்கள், எனக்கு உடன்பாடில்லை, அந்த நெடி படிப்பவர் நெஞ்சுக்கு ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு நிரந்தர எதிரி, ஈரமில்லாத அலமாரியும் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் கையும்தான். போட்டோவின் பின்னால் பெயர் எழுதுவதென்றால் மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்தித் தெரியும். கேசட் இருந்தால் அதைத்தான் முதலில் கணினிக்கு மாற்றுங்கள், காகிதம் காத்திருக்கும், நாடா காத்திருக்காது. மாற்றுவதற்கு முன் கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பற்களையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே வேறு எதுவும் பதிவாகாது.

இனி அவருடைய தாராள குணத்துக்கு வருகிறேன். நினைவு மலரில் எல்லாரும் எழுதும் வரி, ‘கேட்டவர்க்கு இல்லை என்னாதவர்’. உங்கள் பெரியப்பா விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வரியைப் படிப்பவருக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, காரணம் அது எல்லார் மலரிலும் இருக்கிறது. கொடுப்பவர் ரசீது வைத்துக்கொள்வதில்லை, அதுதான் சிக்கல். இருந்தாலும் தடயம் இருக்கும். பெட்டியின் அடியில் அல்லது பழைய டயரிக்குள் மணியார்டர் ஒப்புகைச் சீட்டுகள் கிடைக்கும், வாங்கியவர் கையெழுத்துப் போட்டுத் தபால்காரர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தது. பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும், பெரும்பாலான வீடுகளில் முதல் நாளே எரித்துவிடுவார்கள். ஜூன் மாதத்தில், ஒரே பெயருக்கு, வருடா வருடம் போயிருந்தால் அது ஃபீஸ் பணம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். மாதா மாதம் முதல் வாரத்தில் போயிருந்தால் யாரோ ஒருவர் வீட்டில் அரிசி அதில் வந்திருக்கிறது. குழுவின் வரவுசெலவு நோட்டு இருந்தால் ‘ஹால் வாடகை பாக்கி’ என்ற வரியைத் தேடுங்கள். அமெச்சூர் நாடகம் எப்போதும் அந்த வரியில்தான் கவிழும். டிக்கெட் விற்ற பணம் செட்டுக்கும் மைக்குக்கும் வேனுக்கும் போய்விடும், ஹால்காரருக்குக் கொடுக்க மிஞ்சாது. அடுத்த மாதம் அந்தப் பாக்கி தீர்ந்திருக்கும், யார் தீர்த்தார் என்று நோட்டில் இருக்காது. உங்கள் பெரியப்பாவின் வங்கிப் பாஸ்புக்கில் அதே வாரம் அதே தொகை எடுத்திருந்தால் எனக்கு அது போதும். அதையும் ‘கொடுத்தார்’ என்று எழுதாமல், ‘பாக்கி தீர்ந்த வாரம் இவர் கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கப்பட்டிருக்கிறது’ என்று எழுதுங்கள். படிப்பவர் புரிந்துகொள்வார்.

வாங்கியவர்களின் பெயரை அச்சில் போடுவதற்கு முன் அவர்களைக் கேட்காமல் இருக்காதீர்கள். அன்றைக்கு ஃபீஸ் வாங்கிய பையன் இன்று பேரன் பேத்தி எடுத்தவர். அவர் சந்தோஷமாகச் சொல்லலாம், அல்லது தன் பிள்ளைகளுக்கே தெரியாத விஷயமாக அதை வைத்திருக்கலாம். பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை நாம் அச்சடித்து ஊருக்கு விநியோகிப்பது, அவருக்கே பிடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

நண்பர்களைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அவரோடு நடித்தவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல் இருக்கும். மலருக்குக் கட்டுரை எழுதித் தரச் சொன்னால் எழுதுகிறேன் என்பார்கள், எழுத மாட்டார்கள். நேரில் போய் உட்காருங்கள், போனில் பதிவு போட அனுமதி கேளுங்கள், ஒரு போட்டோவையோ நோட்டீசையோ கையில் கொடுங்கள். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்று பதில் வரும், அதோடு சரி. ‘ஒத்திகை யார் வீட்டு மாடியில் நடக்கும்?’, ‘காபி யார் வாங்கி வருவார்?’, ‘கடைசி பஸ் போய்விட்டால் எப்படி வீட்டுக்குப் போவீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியிலேயே பெரியப்பா பிளாஸ்கோடு படியேறி வந்துவிடுவார். என் அனுபவத்தில் வயதானவர்கள் வருடத்தையும் தொகையையும் அடிக்கடி தப்பாகச் சொல்வார்கள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதை அநேகமாகச் சரியாகச் சொல்வார்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இருவர் சொன்னதையும் போடுங்கள். தீர்ப்புச் சொல்ல நாம் அங்கே இல்லை.

மலரில் அவருடைய குறைகளையும் கொஞ்சம் எழுதலாமா என்று தயங்கியிருந்தீர்கள். ஒத்திகைக்குத் தாமதமாக வருபவர்களிடம் கடுகடுப்பார், சினிமாவுக்குப் போன நடிகர்களோடு பேசவே மாட்டார் என்று சொன்னீர்களே, தாராளமாக எழுதுங்கள். பம்மல் தன் அறுபது வயதை ஒட்டி எழுதத் தொடங்கிய நாடக மேடை நினைவுகளில் தன் கோணல்களையும் மேடையில் நடந்த அசட்டுத்தனங்களையும் மறைக்கவில்லை, கூட நடித்தவர்களைப் பக்கம் பக்கமாக நினைத்துப் பார்க்கிறார். நூறு வருடத்துக்கு முந்தைய சென்னை மேடையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறதென்றால் அதில் பாதி அந்த ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியதால். அவருடைய பெண் வேடத் துணை ரங்கவடிவேலுவை இன்று நமக்குத் தெரிவதும் அதனால்தான். உங்கள் மலர் முந்நூறு பிரதி அச்சானாலும் பரவாயில்லை, அதில் திரை இழுத்தவர், மைக் செட்டுக்காரர், ஒப்பனைக்காரர் பெயர்களைச் சேர்த்துப் போடுங்கள். பெரியப்பாவின் மலரில்கூட அவர்கள் பெயர் வராவிட்டால் வேறு எதில் வரும்?

பணம். கல்லூரியில் அறக்கட்டளை வைத்தால் அசலைத் தொட மாட்டார்கள், வட்டியில் பரிசு கொடுப்பார்கள். ஐந்து லட்சத்துக்கு 7 சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 35,000. கேட்க நன்றாக இருக்கிறது. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் அந்த 35,000-க்கு இன்றைய பாதி மதிப்புதான், இருபத்துநான்கு வருடத்தில் கால். ஒரு கல்லூரியில் நாடகத்துக்கான தங்கப் பதக்கம் ஒன்றைப் பார்த்தேன், பெயரை விட்டுவிடுகிறேன். வைத்த வருடத்தில் அது உண்மையிலேயே தங்கம். நான் பார்த்தபோது அந்த அறக்கட்டளையின் வருட வட்டியில் ஒரு சான்றிதழை அச்சடித்துச் சட்டம் போடத்தான் முடிந்தது, வாங்கிய மாணவிக்கு யார் பெயரில் வாங்குகிறோம் என்றும் தெரியவில்லை. யார் மேலும் தப்பில்லை, கணக்கு அப்படி.

என் யோசனை வேறு. அசலோடு சேர்த்துச் செலவழித்துவிடுங்கள். அதே ஐந்து லட்சத்தை அதே வட்டியில் போட்டு, பத்து வருடத்தில் தீர்ந்துவிடும்படி எடுத்தால் வருடம் ஏறத்தாழ 70,000 வரும். அதைப் பரிசாகக் கொடுக்காமல், மாணவர் குழுவோ சின்னக் குழுவோ ஒரு நாடகம் போடும்போது ஹால் வாடகையாகவும் விளக்கு வாடகையாகவும் நேராகக் கட்டுங்கள். பரிசு கொடுக்க ஆள் உண்டு. ஒத்திகைக்கு இடம் கொடுக்க யாரும் இல்லை. உங்கள் பெரியப்பா செய்ததும் அதுதான் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. பத்து வருடம் முடிந்தால் அவர் பெயர் நின்றுவிடுமே என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். பத்து வருடத்தில் இருபது நாடகம் நடந்திருக்கும், அதில் இருநூறு பேராவது நின்றிருப்பார்கள். எனக்கு அது தேவலை. இல்லை, கல்லூரிப் பெயரோடு நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றால் அதுவும் மதிக்கத்தக்க விருப்பம்தான். அப்படியானால் பரிசுக்குப் பதில் கல்லூரி நூலகத்தில் நாடகப் புத்தகங்கள் வாங்க என்று எழுதிக் கொடுங்கள், தொகை சுருங்கினாலும் வருடம் நாலு புத்தகமாவது வரும். எங்கே கொடுத்தாலும் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள், இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது.

பெட்டிகளை வீட்டில் வைப்பதா, கொடுப்பதா? ஸ்கேன் செய்துவிட்டு அசலைக் கொடுத்துவிடுங்கள் என்பேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு பெயர்ப் பலகை ஓவியர், மற்றவர்கள் எடைக்குப் போட்ட புத்தகத்தோடு நோட்டீசையும் அழைப்பிதழையும் சேர்த்து வைத்ததால்தான் இன்றைக்குத் தரமணியில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவர் 1992-ல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி இங்கேயே வைத்தது, 1994-லிருந்து நூலகமாக நடக்கிறது. அதைப் போன்ற இடங்களையும், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறை போன்றவற்றையும் கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் எல்லாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், இடப் பிரச்சினை. போகும்போது ஒரு பட்டியலோடு போனால் மரியாதையே வேறு. கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள், யார் பார்க்கலாம், குடும்பக் கடிதங்களை எத்தனை வருடம் மூடி வைக்க வேண்டும் என்பதோடு.

பெரியப்பா தானே எழுதிய நாடகம் இருந்தால் அதன் காப்புரிமை அவருடைய வாரிசுகளுக்கு, அவர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து அறுபது வருடம். மற்றவர்கள் எழுதிய பிரதியை அவர் கைப்பட எழுதி வைத்திருந்தால், நோட்டு உங்களுடையது, நாடகம் உங்களுடையது அல்ல. பாதுகாக்கலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம், இணையத்தில் முழுசாக ஏற்றக் கூடாது. பம்மல் மாதிரி 1964-ல் காலமானவர் எழுதியது என்றால் 2024-ஓடு அந்த அறுபது முடிந்தது, யார் வேண்டுமானாலும் மேடையேற்றலாம். உங்கள் பதினைந்து நோட்டில் ஒன்று சபாபதி என்று சொன்னீர்கள். மலர் வெளியிடும் அன்றைக்கு, பேச்சாளர்களைக் குறைத்துவிட்டு, அவர் நோட்டில் வெட்டியபடி அதில் ஒரு காட்சியைப் போட முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் சொல்லியிருந்த மேக்கப் பெட்டி. குழந்தைகள் கைக்கு எட்டாமல் உடனே எடுத்து வையுங்கள். பழைய அரிதாரம் என்பது உண்மையில் ஆர்சனிக் சேர்ந்த மஞ்சள் கல், சிந்தூரத்தில் ஈயம் இருக்கும். கையுறை போட்டு, டப்பாக்களின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு, தூளையும் காய்ந்த பசையையும் கட்டி அப்புறப்படுத்துங்கள், வாய்க்காலில் கொட்ட வேண்டாம். ஒட்டு மீசைகளை வைத்துக்கொள்ளலாம். பித்தளை மணி ஒன்று இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்து வைக்கலாமா என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கைப்பிடியில் நூல் சுற்றியிருந்தால் அதையும் பிரிக்க வேண்டாம். இருட்டில் மணி தானாகக் கிணுகிணுக்காமல் இருக்க நாக்கைக் கட்டி வைக்கச் சுற்றும் நூல் அது, எங்கள் மணியிலும் இருந்தது. நோட்டுகளின் முதல் பத்துப் பக்கங்களைப் படம் எடுத்துப் பதிலில் போடுங்கள், ஓரக் குறிப்புகளில் என்னால் படிக்க முடிந்ததைப் படித்துச் சொல்கிறேன்.